வாவிக் கரையும் சிந்திக்கும் பொறியும்

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் புறத்திலிருந்து தெற்கே கல்முனைப் புறம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை எனப்படும். மேற்கே வயலும் குளமும் காடும் செறிந்த நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்களுக்குத் தூரம் என்பது மைற்கல் காட்டும் அளவு மட்டுமாக இருந்ததில்லை. எழுவான்கரையிலுள்ள களுவாஞ்சிக்குடியிலிருந்து நோக்கினால் படுவான்கரை கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. ஆயினும், விதைப்புக்குப் போகும் உழவரும், நோயாளியைக் கொண்டுவரும் உறவினரும், மண்டூர்க் கந்தசுவாமி கோயிலுக்குச் செல்லும் அடியாரும் தோணிக்கோ, 'பாதை' என்று ஊரவர் வழங்கும் மிதவைக்கோ துறையிலே காத்து நின்றனர். பட்டிருப்புப் பாலம் அமைந்த பின்னரும் குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதை ஓடிற்று. காத்திருக்கும் நேரமே இங்குத் தூரத்தின் அளவாயிற்று.

இத்தகைய தூரம் உலகெங்கணும் அழிந்துபோகும் என்றும், மனிதரினும் அறிவு மிக்க பொறிகள் பின்னர்த் தோன்றும் என்றும் 1964ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு விவரணப் படத்தில் உரைத்தார். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அவ்வாண்டிலே தொடங்கிய 'ஹொரைசன்' என்னும் விஞ்ஞானத் தொடரில், செப்டெம்பர் மாதம் 21ஆம் நாள் அப்படம் காட்டப்பெற்றது. 'அறிவின் பெருவெடிப்பு' என்பது அதன் பெயரின் பொருள். அதிலே தோன்றி உரைத்தவர் ஆதர் சி. கிளார்க். அவர் பிறப்பால் ஆங்கிலேயர். எனினும் 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையையே தம் வாழிடமாகக் கொண்டவர். மனித குலத்தின் இயந்திர எதிர்காலத்தைப் பற்றி உலகுக்கு உரைத்த குரல்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று, இவ்வாறு கொழும்பிலே குடியிருந்த ஒருவரின் குரலாக அமைந்தது. ஆகவே, அவர் கூறியவற்றுள் எவை நிகழ்ந்தன, எவை நிகழவில்லை என்பதை இத்தீவின் கிழக்குக் கரையொன்றில் வைத்து நிறுத்துப் பார்ப்பது பொருத்தமேயாகும்.

கிளார்க் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சமசெற் மாவட்டத்திற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையில் ரேடார்க் கருவிகளோடு பணியாற்றினார். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஒரு செய்மதி, புவி தன்னைத் தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்திலே தானும் ஒரு சுற்றை முடிக்கும். அதனால் அது நிலத்திலிருந்து நோக்குவோருக்கு வானில் ஓரிடத்திலேயே நிற்பது போலத் தோன்றும். அத்தகைய மூன்று செய்மதிகள் இருப்பின் உலகம் முழுவதற்கும் ஒலியும் ஒளியும் அனுப்பலாம் என்பதே கட்டுரையின் சாரம். அன்று உலகத்தில் ஒரு செய்மதிதானும் இல்லை. முதலாவது செய்மதியைச் சோவியத் நாடு ஏவியது 1957ஆம் ஆண்டிலேதான்.

வானத்தைப் பற்றி எழுதிய அவரை இலங்கைக்கு இழுத்தது கடல். நீர்மூழ்குதலில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1956ஆம் ஆண்டில் அவரும் அவருடைய தோழர் மைக் வில்சனும் திருகோணமலையில், கோணேசர் மலையடிக் கடலின் கீழே பழைய கோயிலின் சிதைந்த கற்பகுதிகளைக் கண்டனர். போர்த்துக்கேயர் இடித்தழித்த கோயிலின் எச்சங்கள் அவை. எதிர்காலத்தைப் பற்றி எழுதுவதே தொழிலாகக் கொண்ட ஒருவர், கிழக்கிலங்கைத் தமிழரின் இறந்தகாலத்தை இவ்வாறு கடலடியிலே தொட்டறிந்தார்.

1964ஆம் ஆண்டு நியூயோர்க் மாநகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் நாளைய உலகத்தைப் பதுமைகளாக அமைத்துக் காட்டியது: கடலடி விடுதிகள், காட்டை வெட்டி வீதி அமைக்கும் மாபெரும் பொறிகள், வானளாவிய நகரங்கள். அக்காட்சிகளைத் துணைகொண்டே கிளார்க் தம் கருத்தை விளக்கினார். எதிர்காலத்தை உரைப்பது இடர் மிகுந்த தொழில் என்ற எச்சரிக்கையோடு அவர் தொடங்கினார். தீர்க்கதரிசி ஒருவன் கூறுவது பொருத்தமானது போலத் தோன்றின், சில பத்தாண்டுகளில் அது மிகக் குறைந்த மதிப்பீடாகிவிடும். உண்மையிலேயே நிகழவிருப்பதை அவன் கூறினாலோ கேட்போர் நகைப்பர் என்பது அவர் கருத்து.

அதன்பின் அவர் கூறியவை மூன்று வகையின. முதலாவது, தூரத்தைப் பற்றியது. செய்மதியாலும் திரான்சிஸ்டராலும் மனிதர் எங்கிருப்பினும் ஒருவரோடொருவர் உடனே பேச இயலும். நண்பர் இருக்குமிடம் தெரியாதபோதும் அவரோடு தொடர்பு கொள்ளலாம். இலண்டனில் இருந்து நடத்தும் தொழிலைத் தாகித்தித் தீவிலோ பாலித் தீவிலோ இருந்தும் நடத்தலாம். எடின்பரோ நகரில் இருக்கும் மருத்துவர் நியூசிலாந்தில் இருக்கும் நோயாளிக்கு மூளைச் சத்திரசிகிச்சை செய்யும் நாளும் வரும் என்றார். இரண்டாவது, உயிரினங்களைப் பற்றியது. குரங்கு முதலிய விலங்குகளை அறிவு பெருக்கி ஏவலராக்கலாம் என்றும், ஆனால் அவை விரைவில் தொழிற்சங்கம் அமைத்துவிடும் என்றும் நகைச்சுவையோடு கூறினார். மூன்றாவதே எல்லாவற்றினும் கனதியானது. எதிர்கால உலகின் அறிவிற் சிறந்த குடிகள் மனிதரும் அல்லர், குரங்குகளும் அல்ல. அன்றைய கணனிகளின் வழித்தோன்றல்களே அவர்கள் என்றார். அன்றைய மின்மூளைகள் மந்தமானவை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஒரு தலைமுறைக்குள் அவை சிந்திக்கத் தொடங்கும், ஈற்றில் தம்மை ஆக்கியோரை விஞ்சிவிடும் என்பது அவர் துணிபு. அதற்காக வருந்த வேண்டியதில்லை என்றும், மேலான ஒன்றுக்குப் படிக்கல்லாக அமைவது மனிதருக்குப் பெருமையே என்றும் அவர் முடித்தார்.

இப்படம் காட்டப்பெற்ற நாளில் இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. 1925ஆம் ஆண்டு கொழும்பு வானொலியாகத் தொடங்கி 1949ஆம் ஆண்டில் இலங்கை வானொலி என்னும் பெயர்பெற்ற நிலையமே தீவின் குரலாக விளங்கிற்று. தொலைக்காட்சி இந்நாட்டில் 1979ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. மட்டக்களப்பு நகரை 1928ஆம் ஆண்டில் அடைந்த புகையிரதம் அதற்குத் தெற்கே வரவேயில்லை. எனவே, தூரம் அழியும் என்று உலகுக்கு உரைத்த அப்படத்தை, தூரத்தால் மிகவும் இடருற்ற மக்கள் அன்று காணும் வாய்ப்பில்லை. இதில் ஒரு வரலாற்று உண்மை பொதிந்துள்ளது. எதிர்காலம் எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. ஓர் ஊரின் நிகழ்காலம் மற்றோர் ஊருக்கு இருபதாண்டுக்குப் பிந்திய செய்தியாகவே இருந்துள்ளது.

சிந்திக்கும் பொறி என்னும் எண்ணம் கிளார்க்குடைய சொந்தக் கற்பனை அன்று. ஆங்கிலக் கணித மேதை அலன் ரூரிங் 1950ஆம் ஆண்டில் 'மைன்ட்' என்னும் தத்துவ இதழில் எழுதிய கட்டுரையொன்றில், பொறிகள் சிந்திக்குமா என்ற வினாவை எழுப்பினார். சிந்தனை என்றால் என்ன என்று வரையறுப்பதில் காலங்கழிக்காமல், ஒரு சோதனையை அவர் முன்வைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து எழுத்தில் விடையளிப்பது மனிதரா பொறியா என்று வினவுவோரால் பிரித்தறிய இயலாவிடின், பொறிக்குச் சிந்தனை இல்லை என்று மறுப்பதற்கு நியாயம் குறைந்துவிடும் என்பது அதன் கருத்து. 1956ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் மக்கார்த்தி முதலிய இளம் விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்தனர். அவ்வாய்வுக் கூட்டத்துக்கென மக்கார்த்தி வகுத்த பெயரே 'செயற்கை நுண்ணறிவு' என்பதாகும். கிளார்க் இலங்கையிற் குடியேறிய அதே ஆண்டில் அப்பெயர் உலகில் வழங்கத் தொடங்கியது.

நான்கு ஆண்டுகளின் பின் கிளார்க் தம் கருத்துக்கு ஓர் உருவம் கொடுத்தார். இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அவர் ஆக்கிய '2001' என்னும் திரைப்படம் 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. விண்கலம் ஒன்றை நடத்தும் ஹால் என்னும் கணனி, தன்னோடு பயணஞ் செய்யும் மனிதரைக் கொல்லத் துணிவது அக்கதையின் உச்சம். அச்சந் தரும் இக்கதையில் அறிஞர் பலர் கவனியாது விடும் ஒரு நுட்பம் உண்டு. ஹால் தீயதாகப் படைக்கப்பட்ட பொறியன்று. உண்மையை மறையாது உரைக்க வேண்டும் என்பது அதற்கு இட்ட கட்டளை. பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளுக்கு மறைக்க வேண்டும் என்பதும் அதற்கு இட்ட கட்டளை. ஒன்றோடொன்று முரண்பட்ட இரு கட்டளைகளை இட்டவர் மனிதரே. பொறி பிழைத்தது மனிதரின் வஞ்சனையால் என்பதே கதையின் உட்பொருள்.

கிளார்க் கூறியவற்றுள் தூரத்தைப் பற்றியவை பெரும்பாலும் நிறைவேறின. 1975ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமெரிக்கச் செய்மதியொன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களிலுள்ள ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி அனுப்பிற்று. உழவும் உடல்நலமும் கல்வியும் அந்நிகழ்ச்சிகளின் பொருளாக அமைந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் தாளில் எழுதிய எண்ணம் மண்குடிசைகளின் முற்றத்துக்கு வந்து சேர்வதைக் கிளார்க் காணும் பொருட்டு, இந்தியப் பொறியியலாளர் அவரது கொழும்பு இல்லத்தில் ஓர் அலைவாங்கியை நிறுவிக் கொடுத்தனர். இன்று களுவாஞ்சிக்குடியிலுள்ள குடும்பங்கள் மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் உழைக்கும் தம் பிள்ளைகளின் முகத்தைக் கைத்தொலைபேசியிற் கண்டு பேசுகின்றன. அப்பேச்சின் பெரும்பகுதி இன்று கடலடி வடங்களின் வழியே செல்கிறது. வழி எதுவாயினும் உரைத்தது நிகழ்ந்துவிட்டது.

நிகழாதவையும் உண்டு. நகரங்கள் தம் பயனை இழந்துவிடக் கூடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. மாறாக நகரங்கள் பெருத்தன. ஏவல் செய்யும் குரங்குகள் எங்கும் தோன்றவில்லை. ஒரு தலைமுறைக்குள் கணனி சிந்திக்கும் என்றதும் அவர் கூறிய வேகத்தில் வரவில்லை. 1997ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' சதுரங்க வீரர் கஸ்பரோவை வென்றது. ஆயின் அது சதுரங்கமன்றிப் பிறிதொன்றும் அறியாத பொறி. மனித மொழியில் எதைக் கேட்டாலும் விடையளிக்கும் பொறி பொதுமக்கள் கைக்கு எட்டியது 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 'சட்ஜிபிரி' வெளிவந்தபோதுதான். படம் காட்டப்பெற்று 58 ஆண்டுகள் அதற்கிடையே கழிந்திருந்தன. 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் கொழும்பிற் காலமான கிளார்க் அதைக் காணவில்லை.

பொறி மனிதரின் இடத்தைப் பிடிக்கும் என்னும் அச்சம் மட்டக்களப்பு நாட்டுக்குப் புதியதன்று. படுவான்கரை வயல்களில் எருமைகளைப் பிணைத்துச் சூடுமிதித்த காலம் ஒன்று இருந்தது. களத்தில் வழங்கிய சொற்களே வேறு. அங்கே அன்றாடப் பேச்சை விலக்கி, 'பொலி' என்னும் மங்கலச் சொல்லை முன்வைத்துத் தொழில் செய்தனர். எருமையின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்தது. அதன்பின் அறுப்பதையும் அடிப்பதையும் ஒருங்கே செய்யும் பெரிய அறுவடை இயந்திரம் வந்தது. பல நாள் வேலை சில மணிநேரத்தில் முடிந்தது. மழைக்கு முன் நெல் வீடு சேர்ந்தது. அதே வேளையில் அரிவாள் பிடித்துக் கூலிபெற்ற குடும்பங்களின் வருவாய் குன்றியது. களத்துச் சொற்களும் பேசுவாரின்றி அருகின. ஆக்கமும் இழப்பும் ஒரே பொறியின் இரு புறங்களாக வந்தன.

ஆயினும் அப்பொறிகள் கையின் வேலையையே எடுத்துக்கொண்டன. எந்த வட்டைக்கு எந்நாளில் நீர் திறப்பது, வாய்க்கால் உடைப்பை அடைக்கும் முறை யாருடையது என்பனவற்றை வட்டைவிதானை உழவரோடு கலந்து தீர்த்தார். அது மதியின் வேலை. இன்று தோன்றியிருக்கும் பொறி அந்த மதியின் வேலைக்கே கை நீட்டுகிறது. ஐரோப்பிய நாடுகளின் பொதுவான வானிலை நிலையம், செயற்கை நுண்ணறிவால் இயங்கும் முன்னறிவிப்பு முறையொன்றை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலிருந்து வழக்கமான பணியிற் கொண்டுள்ளது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை அறிந்தோருக்கு, வானிலையை முன்னறிவதன் பெறுமதியை எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால் முன்னறிந்தால் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு இக்கரை ஏற்கெனவே மிகக் கொடிய விடையொன்றைப் பெற்றிருக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலையில் சுமாத்திராத் தீவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஹவாய்த் தீவிலிருந்த பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையத்தின் கருவிகள் அதனை உடனே உணர்ந்தன. ஏறத்தாழ கால் மணிநேரத்தில் நிலையத்தார் முதலாவது அறிக்கையை விடுத்தனர். நடுக்கத்தின் முழு அளவை அவர்கள் அப்போது அறிந்திருக்கவில்லை. மேலும், இந்து சமுத்திரத்தில் அலையின் எழுச்சியை உடனுக்குடன் அளந்தனுப்பும் ஏற்பாடும், எச்சரிக்கையைப் பெற்று மக்களுக்குச் சேர்க்கும் அமைப்பும் அக்காலத்தில் இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆயிற்று. செய்மதியும் கணனியும் தொலைபேசியும் வானொலியும் தொலைக்காட்சியும் எல்லாம் இருந்தன. அந்த இரண்டு மணிநேரத்தில் எழுவான்கரைக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. முன்னே கடலும் பின்னே வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிர்க்கு ஒப்பாகும். இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேற்பட்டோர் அன்று மாண்டனர்.

கிளார்க்கின் வாழ்க்கையிலும் அந்நாள் ஒரு முரணைக் காட்டிற்று. 1883ஆம் ஆண்டில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தை அடைந்த பேரலையைப் பற்றி, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இலங்கை நூலில் அவர் எழுதியிருந்தார். இந்து சமுத்திரத்தில் இத்தகைய அலை எழக்கூடும் என்பது, ஆகவே, நூலில் இருந்த அறிவே. அதனை எழுதியவரும் இத்தீவிலேயே வாழ்ந்தார். ஆயினும் 2004ஆம் ஆண்டில் ஹிக்கடுவையிலிருந்த அவரது நீர்மூழ்கு நிலையத்தையும் அலை அழித்துச் சென்றது. நூலிலே இருக்கும் அறிவும், கருவியிலே பதியும் அறிவும், கடற்கரையிலே நிற்பவரின் காதிலே விழும் அறிவும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அதே காலையில், புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் வேறொன்று நிகழ்ந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையத்தை நடத்திவந்தது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலையுயரச் செய்தியைக் கணனி வழியே பெற்று, அதனைத் தமிழில் ஒலிபெருக்கி மூலம் மீனவருக்கு அறிவிப்பது அம்மையத்தின் அன்றாடப் பணி. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் தொழில் பார்த்து வந்தார். பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியிற் கண்ட அவர் ஊருக்குத் தொலைபேசியிற் பேசினார். ஊரவர் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மக்கள் பிழைத்தனர். அங்கே இருந்த கருவிகள் மிக எளியவை. ஆனால் செய்தி இறுதியாக வந்த வழி, ஊரார் அறிந்த குரலாகவும், அவர்களுடைய மொழியாகவும், அவர்கள் நம்பிய நிலையமாகவும் அமைந்தது. தூரத்தை அழித்தது செய்மதி மட்டுமன்று. சிங்கப்பூரில் இருந்தபோதும் தன் ஊரை நினைத்த ஒரு மனிதனின் கவலையும் ஆகும்.

இப்பாடத்தை இலங்கையும் ஓரளவு கற்றது. 2005ஆம் ஆண்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றியது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. 2012ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை உரிய வேளையில் வந்தது. கரையோர மக்கள் உள்நாடு நோக்கி விலகினர். அழிக்கும் அலை அன்று எழவில்லை. எனினும் எட்டு ஆண்டுகளுக்கு முன் வராத சொல் இம்முறை வந்து சேர்ந்தது.

இன்றைய செயற்கை நுண்ணறிவையும் இதே உரைகல்லில் வைத்து உரைக்க வேண்டும். இப்பொறிகள் மனிதர் எழுதி வைத்த பெருந்தொகையான எழுத்தைக் கற்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் தகும் என்று கணித்து மொழி பேசுபவை. எம்மொழியில் எழுத்து மிகுதியோ அம்மொழியில் அவை வல்லவை. எம்மொழியில் குறைவோ அம்மொழியில் தடுமாறுபவை. ஆங்கிலத்தோடு ஒப்பிடுகையில் கணனி கற்கத்தக்க தமிழ் எழுத்து சிறிது. அத்தமிழினுள்ளும் மட்டக்களப்புத் தமிழ் மிகச் சிறிது. எழுவான்கரையும் படுவான்கரையும், வட்டையும் களமும், பாதையும் துறையும் எழுத்தில் ஏறாத வரையில், அறிவு மிக்க பொறியும் இவ்வூரவரிடம் அயலூர்த் தமிழிலேயே பேசும். பாதை என்றால் வீதி என்றே அது பொருள் கொள்ளும். துறையிலே காத்து நிற்பவருக்கு அந்த விடை பயன்படாது.

இவ்விடரை முன்னரே உணர்ந்த பேரறிஞர் ஒருவர் இந்நாட்டிலே பிறந்தார். கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். புதிய விஞ்ஞானம் தமிழில் வழங்க வேண்டுமாயின் முதலில் அதற்குச் சொல் வேண்டும் என்று தெளிந்த அவர், 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் முதன்மையான பங்கு கொண்டார். பழந்தமிழரின் யாழை அவர் ஆராய்ந்த முறையும் கருதத்தக்கது. இலக்கியச் சான்றுகளோடு சுருதிக் கணக்கையும் இணைத்து, வழக்கொழிந்த கருவியின் இயல்பை அவர் விளக்கினார். 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். புதுமையைத் தன் மொழிக்குள் கொண்டுவருதலும், பழமையைக் கணக்கின் துணையால் மீட்டலும் ஒருவராலேயே இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

அவ்வழியிலான முயற்சிகள் இன்றும் நடைபெறாமலில்லை. 1979ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டுவரை கிளார்க் வேந்தராக வீற்றிருந்த மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர், அரசாங்க ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்குமிடையே மொழிபெயர்க்கும் கணனி முறையொன்றை ஆக்கியுள்ளனர். தமக்கு விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாசித்துப் பொருள் சொல்பவரைத் தேடியலைந்த குடிமக்களுக்கு இதன் பெறுமதி நன்கு விளங்கும். வாவியைத் தோணியால் கடப்பது போன்றதே மொழியைக் கடப்பதும். அங்கும் ஒரு காத்திருத்தல் உண்டு. அதனைக் குறைப்பது பொறியின் நற்பணியாகும்.

ஆனால் எல்லாவற்றையும் பொறியிடம் ஒப்படைக்கலாமா? அமெரிக்க அறிஞர் யோசப் வைசன்பாம் 1966ஆம் ஆண்டில் 'எலைசா' என்னும் உரையாடும் கணனி நிரலை ஆக்கினார். எதிரிலிருப்பவர் கூறியதையே வினாவாக மாற்றித் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. அதனிடம் மக்கள் தம் மனத் துயரங்களைச் சொல்லத் தலைப்பட்டதைக் கண்டு, ஆக்கியவரே திடுக்குற்றார். பத்தாண்டுகளின் பின் எழுதிய நூலில் அவர் ஒரு வரம்பைக் காட்டினார். கணனியால் இயலுமா என்று மட்டும் கேட்பது போதாது. இயன்றாலும் அதனிடம் விடத் தகாத பணிகள் உண்டு என்பதே அது. தீர்ப்பும் இரக்கமும் வேண்டப்படும் பணிகளை அவர் அவ்வரம்புக்குள் வைத்தார்.

கிளார்க்கின் படம் மனிதரைப் படிக்கற்கள் என்றது. அக்கூற்றை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அறிவின் உயரம் ஒன்றையே அளவாகக் கொண்டால் அவர் கூறியது நேரலாம். ஆயினும் 2004ஆம் ஆண்டுக் காலையில் இக்கரைக்கு இல்லாமற்போனது அறிவின் உயரமன்று. அறிந்தவரிடத்திலிருந்து அறியாதவரிடத்துக்குச் சொல்லைக் கொண்டுசேர்க்கும் கடமை எவருடையது என்ற வினா அன்று விடையின்றிக் கிடந்தது. மனிதரினும் வல்ல பொறிகள் எத்தனை தோன்றினும், அக்கடமையை ஏற்பவர் இல்லாத இடத்தில் தூரம் அழியாது; அது வேறோர் உருவில் நிற்கும்.

கோபுரத்தின் ஒலியைப் பழுதின்றிக் காப்பதும், எச்சரிக்கை வரும்போது அதன் மொழி மக்களின் மொழியாக இருக்கச் செய்வதும், மறையும் சொற்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பதும் பொறியின் வேலைகள் அல்ல. பாடசாலையும் ஊர்ச் சபையும் அரசாங்கமும் வானொலியும் கூடிச் செய்யும் வேலைகள் அவை. களுவாஞ்சிக்குடியின் பிள்ளைகள் இனிவரும் காலத்தில் அத்தகைய பொறிகளோடே வாழ்வர்; அவர்களுள் சிலர் அவற்றை ஆக்குவோராகவும் விளங்குவர். தம் ஊரின் பெயரையும் நீரையும் சொல்லையும் அறிந்த ஒருவர் ஆக்கும் பொறி, இவ்வூரின் இடரையும் அறிந்திருக்கும். அந்த அறிமுகத்தைச் செய்துவைக்கும் பொறுப்பு இன்றுள்ளோருடையது.